குறுக்கே படுத்த இன்ஜின்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கண்ணு. வண்டிய லாரியில ஏத்தினப்ப உங்க போலீஸ் ஆளுங்க கட்டுற பட்டைய கதவு மேலயே போட்டு இறுக்கிட்டாங்க. பெயிண்ட் உரிஞ்சிடும். சக்கரத்துல கட்டச் சொல்லுங்க. நாலு சக்கரமும் நாலு மூலையில இருக்கு, கட்டறதுக்குத் தோதா இருக்கும்.

வக்கீல் வேணுமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டீங்க. வேணாம். என் பேரு பெரில் ஹாட்ஜெட்ஸ். வயசு எழுபத்துநாலு. செத்துப்போன ட்ரெவர் என் வீட்டுக்காரர். நடந்ததச் சொல்ல எனக்கு வாய் இருக்கு, இன்னொருத்தர் எதுக்கு?

பதினாறு வயசுல லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலையில சேர்ந்தேன். சீட்டு தைக்கிற பிரிவு, பூராவும் பொம்பளைங்க. எங்க பச்சை மினி கார் அறுபத்தெட்டுல அங்கேருந்து வெளிய வந்தது. மூணு வருஷம் கழிச்சு என் சம்பளத்துல, என் பேர்ல வாங்கினேன். ட்ரெவர் அப்ப பஸ்ஸுல போயிட்டிருந்தார். ஓட்டுற சீட்டோட ஓரத்துல ஒரு தையல் கொஞ்சம் கோணும். அது என் கைத்தையல். ஆயிரக்கணக்குல தச்சியே, எது எந்த வண்டிக்குப் போச்சுன்னு எப்படித் தெரியும்னு அவர் சிரிப்பார். எனக்குத் தெரியும்.

அந்த வண்டியில அப்படி என்ன இருக்குன்னு கேக்கறீங்க. நீங்க சின்னப் பொண்ணு. அம்பத்தாறுல சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. கொஞ்சமா குடிக்கிற வண்டி வேணும், பத்தடி நீளம்தான், அதுக்குள்ள நாலு பேரும் பெட்டியும் போகணும். என்ன பண்ணினாங்க? இன்ஜின குறுக்க படுக்க வெச்சாங்க. சூட்சுமம் அவ்வளவுதான். ஆரம்பத்துல வந்த வண்டியில மழை பெஞ்சா தரை வழியா தண்ணி ஏறி ஷூ நனையும். அப்பவும் ஜனங்க விடல. டாக்டரும் ஓட்டினார், பிளம்பரும் ஓட்டினார். பனிமலை ரேஸ்ல பெரிய பெரிய வண்டிகளோட மூக்க உடைச்சுது. இன்னிக்குத் தெருவுல போற முக்காவாசிக் கார்ல இன்ஜின் குறுக்கதான் கிடக்கு. எல்லாம் எங்களப் பாத்துதான்.

போன வாரம் ட்ரெவர் சாவகாசமா வந்து சொல்றார், இன்ஜின எடுத்துட்டு பேட்டரியும் கரண்ட் மோட்டாரும் வைக்கப் போறாராம். ஆள் பேசியாச்சாம். திங்கக்கிழமை வந்து வண்டிய எடுத்துட்டுப் போவாங்களாம், இன்ஜின இவரே கழட்டி வெச்சிட்டா அவங்களுக்கு வேலை மிச்சமாம். என் பேர்ல இருக்கிற வண்டி. வேணாம்னேன். இன்ஜின் போச்சுன்னா அது மினி இல்ல, பச்சை டப்பான்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் சமைக்கல. அவரே பீன்ஸ் டின்ன உடைச்சு, ரொட்டியில போட்டுத் தின்னுக்கிட்டு, "வண்டி இனிமே சத்தமே போடாது, பெரில். சத்தத்துக்குத்தான் வீட்டுல நீ இருக்கியே"ன்னார். மினி கிளப்புல எல்லாரும் அவர நல்ல மனுஷன்னு சொல்வாங்க. நல்ல மனுஷன்தான், நான் எங்க இல்லன்னேன்?

சனிக்கிழமை காலையில பத்து மணி. முன்பக்கத்த எண்ணெய் ஜாக்கியில தூக்கிட்டு அடியில படுத்துட்டார். கால் மட்டும் வெளிய தெரியுது. முட்டுக்கு வைக்கிற இரும்பு ஸ்டாண்டு ரெண்டும் சுவரோரமா சும்மா நிக்குது. எடுத்து வைன்னேன். அஞ்சு நிமிஷ வேலைன்னார். நான் வைக்கச் சொன்னேன், இத நல்லா எழுதிக்குங்க. அப்புறம் ஜாக்கி இறங்கிடுச்சு.

தானா இறங்காதுங்கறீங்க. ஆமா, இறங்காது. பிடிய இடப்பக்கமா திருப்பினாத்தான் இறங்கும். திருப்பினேன். மெதுவாத்தான் திருப்பினேன், சட்டுனு விட்டா அடித்தகடு நெளிஞ்சிடும்.

பக்கத்து வீட்டுல மூணு தடிப்பசங்க இருக்காங்க. மினி ரொம்ப லேசு. எங்க காலத்துல மேஸ்திரியோட வண்டிய நாலு பேரா தூக்கிட்டுப் போய் ரெண்டு தூணுக்கு நடுவுல செருகிட்டு, அவர் திண்டாடறதப் பாத்துச் சிரிப்போம். அந்தப் பசங்களும் நானுமா தூக்கியிருக்கலாம். கூப்பிடல. கதவத் திறந்து என் சீட்டுல ஏறி உக்காந்தேன். எழுபது கிலோ இருப்பேன். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு கால் மணி நேரம் இருந்தேன். கீழ முதல்ல கொஞ்சம் சத்தம் வந்தது, அப்புறம் நின்னுடுச்சு.

எதுக்கு இப்படி மாத்தறேன்னு அவர் சொன்னாரா, சொன்னாரான்னு அதையே கேக்கறீங்க. சொல்லலன்னு காலையில எழுதிக் கொடுத்தேன். சரி, அத அடிச்சிடுங்க. சொன்னார். அடியில படுத்துக்கிட்டே சொன்னார். ரெண்டு வருஷமா என் இடது முட்டி கிளட்ச மிதிக்க விடறதில்ல. அவர்தான் ஓட்டறார், நான் பக்கத்துல பை மாதிரி உக்காந்து வர்றேன்.

"கரண்ட் வண்டிக்குக் கிளட்சே கிடையாது, பெரில்"ன்னார். "உன் பொறந்த நாளுக்கு நீயே ஓட்டிட்டுப் போகலாம். அதுக்குத்தான் இத்தனை பாடு."

அதக் கேட்ட பிறகுதான் பிடியில கை வெச்சேன்.

எனக்காகன்னு சொல்லித்தான் கல்யாணமான கையோட என்னை வேலைய விடச் சொன்னார். எனக்காகன்னுதான் வீட்ட வித்து வேற தெருவுக்குக் கூட்டிட்டுப் போனார். அம்பத்தொரு வருஷம், எல்லாம் எனக்காக, ஒரு தடவகூட என்னைக் கேட்டதில்ல. என் முட்டி வலிச்சா எனக்கு வலிக்குது, அதுக்கு என் வண்டியோட வயித்த எதுக்குக் கிழிக்கணும்? வெளிய விட்டா மறுபடியும் இதையேதான் செய்வேன், அதையும் எழுதிக்குங்க.

மத்தபடி அவர் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது, கண்ணு. வண்டியக் காப்பாத்தத்தான் செஞ்சேன்.