குளிக்கும்போது ஒரு பாட்டு

மூணாங் கிளாஸுக்கு மேல் படிக்காதவன் நான். அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்து நாகூருக்கு ஓடிய பஸ்களில் இரண்டு என்னுடையவை. சொந்த பஸ்ஸிலும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவேன். அன்றைக்கு முன் சீட்டில் அக்கா தங்கச்சி இரண்டு பேர்.

"லாத்தா, அவங்க இப்பல்லாம் குளிக்கிறப்ப பாடுறாங்க" என்றாள் தங்கச்சி, தன் புருஷனைப் பற்றி.

"யாரு, ஒம் மாப்பிள்ளையா? துபாய்ல மேனேஜரா இருந்த மனுசனா?"

"பதினோரு வருசம் துபாய் சபுருல இருந்தாங்க. லீவுல வந்தாக்கூட வாயத் தொறக்கமாட்டாங்க. வேலைய உட்டுட்டு வந்து இங்க பீங்கான் கடை வச்சதிலேர்ந்து ஒரே பாட்டு."

"நல்லாப் பாடுவாங்களா?"

"பக்கத்து வீட்டு ஆடு பதிலுக்குக் கத்துது லாத்தா."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"அரபி திரும்பக் கூப்புடுறாரு. சம்பளம் கூட்டித் தர்றாராம். ரெண்டு நாளா நானே வச்சிருக்கேன். அவங்களுக்கு வந்த கடுதாசிய மறைக்கிறது தப்பு. குடுத்தா, பொண்ணு கல்யாணத்த நெனச்சிக் கெளம்பிடுவாங்க."

"குடுத்துடு புள்ள. ஆடாவது நிம்மதியா இருக்கும்."

வாஞ்சூர் தாண்டும்போது தங்கச்சி கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்: "குடுக்கத்தான் போறேன். குடுத்துட்டு, 'நாளைக்கிக் காலையில என்ன பாட்டுங்க'ன்னு கேப்பேன்."

நாகூரில் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

மறுநாள் குளிக்கும்போது நானும் பாடிப் பார்த்தேன். என் சம்சாரம் ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"என்னங்க, வழுக்கி விழுந்துட்டீங்களா?"