கொடிக்கு ஸ்ப்ரேயர், எனக்கு ஜெபம்

என் மனைவி பார்வை இழந்ததற்கு நானே காரணம். மருந்தை விடுவதுதான் விசுவாசம் என்று எங்கள் சபையில் சொன்னார்கள். இரண்டு வருஷம் அவளை இன்சுலின் போட நான் விடவில்லை. சபையை விட்டு வந்தபின், பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை அவளுக்குச் சொல்லி வருகிறேன்.

நேற்று கம்பத்திலிருந்து தேனிக்கு வந்தோம். சின்னமனூர் தாண்டியதும் வெயில் மங்கியது. தென்னந்தோப்புகள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தன. பின் இருக்கையில் ஒரு திராட்சை விவசாயியும் அவர் மனைவியும்.

“ஞாயித்துக்கெழம சபையில சேந்துருவோம். சக்கர மாத்திரைய நீ அன்னைக்கே விட்றணும்னு சொன்னாக” என்றார் அவர்.

“ஒரு மழை பேஞ்சா மறுநாளே கொடிக்கு மருந்தடிக்க ஸ்ப்ரேயரத் தூக்குறீக. எனக்கு மட்டும் ஜெபமா?”

“அது செடி. அதுக்கு விசுவாசம் ஏது?”

“அதுக்கும் சேத்து நீங்களே விசுவாசிக்க வேண்டியதுதானே?”

அவர் சிரித்துவிட்டார். “வம்பு பேசாத. நம்பித்தான் பாரேன்.”

“சபையில அவுக பாடுறதக் கேட்டா மனசு மெதக்குது. சரி, விட்டுப் பாக்குறேன்” என்றாள்.



“மலை தெரியுதா?” என்று கேட்டாள் என் மனைவி.

பின்னாலும் கேட்கும்படி சொன்னேன்: “மலை மேல மேகம் எறங்குது. அத நீ பாக்க முடியாமப் போனது, நான் உன்னை இன்சுலின் போட விடாததாலதான்.”

“தெரிஞ்சதுதானே. மேகத்தச் சொல்லுங்க.”

சொன்னேன். வீரபாண்டி வந்தது. பின்னால் அந்த விவசாயி தன் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்: “மாத்திரை எங்கன இருக்கு?”

“பையில.”

“ஞாயித்துக்கெழமையும் பையிலயே இருக்கட்டும். நீ விட வேணாம்.”