சாயாத பொழுது

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பாரீஸில் பதக்கம் வாங்கிய, மனிதகுலத்தின் மனசாட்சியையே உலுக்கிய 'அந்தியின் அமைதி' என்னும் மாபெரும் தைல ஓவியம் நம்மூர் மேயர் அலுவலகத்தில், குடை வைக்கும் மூலைக்கு மேலே தொங்குகிறது. தொப்பியைக் கழற்றியாயிற்றா? சரி. அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள்.

படத்தில் ஒரே ஒரு பெண். அறுத்த கோதுமை வயலில் குனிந்து, சிந்திய கதிர் பொறுக்குகிறாள். பின்னால் சூரியன், அடிவானத்துக்கு ஒரு விரல் மேலே. பொழுது சாய்ந்தபின் பொறுக்கக் கூடாது, சட்டம். அவள் பெயர் செலி, கைம்பெண். அந்த அறுவடை முழுக்க ஓவியர் அவளை அசையாமல் குனிய வைத்தார்.

"உனக்குச் சாகாவரம் தரப்போறேன்!"

"அதை அரைச்சா மாவு வருமாய்யா?"

வரவில்லை. அதற்குள் மற்றவர்கள் வயலைத் துடைத்துவிட்டார்கள். குளிர்காலத்தில், பனியைக் கிளறிக் கதிர் தேடப் போனவள் வயலிலேயே விறைத்துக் கிடந்தாள். அடக்கத்துக்கு ஊரே வந்தது. வீட்டில் காத்திருந்த குழந்தை தெயோவின் நினைவு மட்டும் யாருக்கும் வரவில்லை... வந்தபோது நேரம் கடந்திருந்தது.

இனி நடந்தது என் நண்பன் அர்மோனின் மாமா ஒனொரேவுக்கு. வயல் காவல்காரர். மாலை மணி ஓய்ந்து இருட்டிய நேரம். ஷார்த்ர் சாலை. ஈ, காக்கை இல்லை. வயலில்... சரக். சரக். அரிதாள் மிதிபடும் சத்தம். கூடவே ஓவியச் சாயம் கரைக்கும் டர்பன்டைன் நெடி.

குனிந்த முதுகு ஒன்று.

"பொழுது சாஞ்சாச்சும்மா, கிளம்பு."

"இன்னும் சாயலையே ஐயா. புள்ளைக்கு ஒரு பிடி சேர்ந்ததும் போயிடறேன்."

மாமா திரும்பினார். தலைக்கு மேலே நட்சத்திரங்கள். மேற்கே சூரியன்... ஒரு விரல் மேலே. அப்படியே.

மறுநாள் மேயரிடம் ஓடினார். "அந்தப் படத்தை எறக்கிடுங்க. பாவம், அவ வீட்டுக்குப் போகட்டும்."

"யோவ், அது பதக்கம் வாங்கின படம்! நீ என்னய்யா வாங்கினே, மூலவியாதியைத் தவிர?"

மேயர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, மாமா பூட்ஸுக்குப் பூசும் கறுப்பு மையை எடுத்துப் படத்துச் சூரியன் மேல் அப்பிவிட்டார்.

அன்று இரவு வயல் காலி. மாமா சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு கோப்பை வைன் ஊற்றினார். இன்னும் வாயில் வைக்கவில்லை... ஊர்க்கோடியில், கூரை இடிந்த செலி வீட்டுக் கதவு கிரீச்சிட்டது.

"தெயோ... அம்மா வந்துட்டேன்டா."

உள்ளே காலடி மூலைக்கு மூலை அலைந்தது.

"தெயோ?"

அப்புறம் அந்த அலறல். விடியும்வரை.

அடுத்த வாரம் பாரீஸிலிருந்து ஒரு நிபுணர் வந்து மையைச் சுரண்டினார். சூரியன் மறுபடி ஒரு விரல் மேலே. செலி மறுபடி வயலில். மாமா போய்ப் பார்த்தார். சரக் சத்தம் இல்லை. அவள் பொறுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்திலும் இப்போது அப்படித்தான் நிற்கிறாள்.

தினமும் எத்தனையோ பேர் அதன் கீழே குடை வைக்கிறார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.