அறுபது எண்ணுக்குள் ஒரு மேனேஜர்

— என்னம்மா, கம்ப்யூட்டர்ல ஒரே எண்ணை மூணு தடவை தப்பா அடிக்கிறே?

— ஏசி குளிர்ல விரல் விறைச்சுப் போச்சு, மேனேஜர் சார்.

— ஏசி நின்னு ரெண்டு நாளாச்சு. பயந்துக்கோ, தப்பில்ல. சாதாரணத் திட்டமா என்னுது? நாற்பதாயிரம் ஊழியர். அவங்கவங்க வேலையை அளந்து ஆளுக்கு அறுபது எண். எந்த ரெண்டு பேர் எண்ணு ரொம்ப ஒட்டி வருதோ, அதுல ஒருத்தர் வீட்டுக்கு. ஒரே வேலைக்கு ரெண்டு ஆள் எதுக்கு?

— சார்... நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே வேலை. நாங்கதான் வருவோமோன்னு பயமா இருக்கு.

— வந்தா வரட்டும். யார் போறதுன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணிக்குங்க. எண்பது கோடி ஜோடியாச்சே, இன்னிக்குள்ள முடியுமா?

— எல்லாரையும் ஒப்பிட வேண்டாம், சார். ஒரே மாதிரி ஆளுங்களைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சிட்டேன். ரொம்பத் தள்ளி நிக்கிற கூட்டத்துப் பக்கம் எட்டிப் பாக்கவே தேவையில்ல.

— அப்ப, எண்ணு ஒட்டவே ஒட்டாத ரொம்பத் தூரத்து ஜோடி?

— அதுக்குத் தலைகீழ். எதிரெதிர் விளிம்புல நிக்கிறவங்களை மட்டும் பாத்தாப் போதும்.

— ஒரு விளிம்புல நான்தான் நிப்பேன், பாரேன். அதுக்குத்தானே என் பேரையும் சேக்கச் சொன்னேன். என்னை மாதிரி இன்னொருத்தன் இல்லேன்னு சேர்மன் கண்ணால பாக்கட்டும்.

— சேத்தாச்சு. நீங்க சொன்னபடி மீட்டிங், சுற்றறிக்கை எதையும் எண்ணல. இந்த ஒரு வருஷத்துல தீத்த புகார், முடிச்ச ஃபைல், இந்த மாதிரி முடிஞ்ச வேலை மட்டும்தான்.

— கறார்னா கறாரா இருக்கணும்.

— தூரத்து ஜோடி வந்துடுச்சு, சார். கிடங்குல மூட்டை தூக்குறவரும், விளம்பரத்துக்குப் படம் வரையிற அம்மாவும்.

— நான்?

— இல்ல, சார். இருங்க, நெருக்கமான ஜோடியும்... அப்பாடா! நாங்க இல்ல.

— யாரு?

— சார், முடிவு வந்ததும் நேரா சேர்மனுக்குப் போகணும்னு நீங்கதானே சொன்னீங்க... போயிடுச்சு.

— யாருன்னு கேக்கறேன்!

— ஒருத்தர் நீங்க. ரெண்டு பேர் எண்ணுக்கும் இடைவெளி பூஜ்யம்.

— உளறாதே! இன்னொருத்தன் எவன்? எவனா இருந்தாலும் இந்த நிமிஷமே அவனைத் தூக்கிடு!

— எப்படி சார் தூக்கறது? அது ஒரு கிளார்க், அவர் செத்து ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. பேரை நீக்கற ஃபைல் இன்னும் உங்க மேசையிலதான் கிடக்கு.