சங்கவி முட்டியில் கறுப்புக் கோடு

கல்யாண வயசுச் சட்டத்தைப் பத்திப் பேசினா இந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்குக் கொட்டாவி வருது... சரி, விடுங்க. நடந்த ஒரு சின்னக் கதையைச் சொல்றேன். அதுக்காச்சும் முழிச்சிருங்க.

நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டிருந்த காலம். பெருமாள்சாமின்னு ஒருத்தர், மக சங்கவியைக் கூட்டிட்டு வந்தாரு. சைக்கிள்ல இருந்து விழுந்து, வலது முட்டி வீங்கியிருந்துச்சு. வயசு என்னன்னு கேட்டேன். பதினெட்டு முடிஞ்சிருச்சுன்னாரு. அடுத்த வாரம் கல்யாணமாம். பொண்ணு நொண்டி நடந்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க... அதுதான் அவர் கவலை. அந்தப் புள்ளை வாயே திறக்கலை.

படத்தைப் பார்த்ததும் மனுஷன் பதறிட்டாரு. முட்டிக்கு மேல குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. எலும்பு விட்டுருச்சு, கம்பி வச்சாவது ஒட்டிருங்கன்னு, அந்தக் கோட்டு மேலயே விரலை வச்சிக் காட்டுறாரு.

டாக்டர் ஜெபராணி படத்தை வாங்கி வெளிச்சத்துல பார்த்தாங்க. இடது காலையும் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். அதுலயும் அதே கோடு... அடிபடாத காலு எப்படிங்க உடையும்?

அப்பத்தான் டாக்டர் விளக்கினாங்க. "அண்ணாச்சி, இது உடைசல் இல்லை, குருத்தெலும்பு. கால் நீளுறதே இந்த இடத்துலதான். இங்க ஒரு புரதம் சுரந்து, 'இப்ப இறுகாதே, இன்னும் பெருகு'ன்னு குருத்துக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. வளர்த்தி முடிஞ்சாத்தான் கோடு மூடும். பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு இப்படித் திறந்து கிடக்காது. உண்மையைச் சொல்லுங்க, வயசு என்ன?"

பெருமாள்சாமி தலையைக் குனிஞ்சிட்டாரு. பதில் சொன்னது யாரு தெரியுமா? அந்தப் புள்ளைதான்.

"பதினாலு, டாக்டர். நான் படிக்கணும்."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. டாக்டர் அங்கேயே போனை எடுத்து குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினாங்க. கல்யாணம் நின்னுச்சு. சொந்தக்காரங்க எங்களை ஏசினாங்க. ஏசிட்டுப் போகட்டும்.

தாய்மாருங்களே... இன்னும் காலம் இருக்கு, அவசரப்படாதேன்னு ஒரு எலும்புக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்த நமக்குத் தெரிய வேணாமா? வயசுக்கு வந்துட்டா வளர்ந்து முடிஞ்சாச்சுன்னு யாரு சொன்னது? உடம்பே முடியலைங்குது... நாம முடிஞ்சிருச்சுன்னு தாலியை நீட்டுறோம்.

இந்த ஊர்ல பதினெட்டு ஆகாத பொண்ணுக்கு இனிமே கல்யாணப் பந்தல் போடக் கூடாது. பத்திரிகை அடிச்சாச்சா? அடிச்சிருக்கட்டும். மண்டபம் பிடிச்சாச்சா? பிடிச்சிருக்கட்டும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க... நானே வந்து அந்த வாசல்ல உக்காந்திருப்பேன்.