ஒன்பதாம் பிரிவில் ஓர் ஆறு

அவைத் தலைமை ஏற்று, ஆடாமல் அசையாமல் அமர்ந்திருக்கும் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! உங்கள் கடைப் பலகையில் 'ந்' கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது என்று இருபது வருஷமாக என்னைக் குறை சொல்கிறீர்கள். இன்றைக்கு அவையறிய ஒப்புக்கொள்கிறேன். அது சாய்ந்துதான் நிற்கிறது.

ஆன்றவிந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே! அணைத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் மற்ற அன்னையரே! கைதட்டக் காத்திருக்கும் காளையரே, எப்போது முடிப்பான் என்று கைக்கடிகாரம் பார்க்கும் கனவான்களே! முதல் வரிசையில் அமர்ந்து, "சுருக்கமாப் பேசுங்க" என்று கண்ணாலேயே சட்டம் போடும் என் வீட்டு அரசாங்கமே! எல்லோருக்கும் இந்தப் பலகை எழுதுபவனின் பணிவான வணக்கம்.

என்ன தம்பி? மைக்கை வாய்கிட்ட வைக்கணுமா? வெச்சா உனக்குத்தான் காது போகும். சரி, வெச்சாச்சு.

இது பாராட்டு விழா. பாராட்டு இரண்டு பேருக்கு. ஒருவர் இதோ அமர்ந்திருக்கும் என் தங்கை மகள், வக்கீல் மருமகள். வழக்கை வென்றவர். இன்னொருவர், எதிர்ப்பக்கத்துக் கொட்டகையில் கையுறை தைக்கும் அம்மா. வழக்கைத் தொடுத்தவர். நடுவில் நான் எதற்கு? எல்லைக் கதவின் மேல் ஒரு பலகை தொங்குகிறதே, அதை எழுதியவன் நான். நாற்பது வருஷத்தில் நான்கு முறை எழுதியிருக்கிறேன்.

அதில் என்ன எழுதியிருக்கிறது? எழுபது வருஷத்துக்கு முன்னால் நம் நாடும் எதிர்ப்பக்கத்து நாடும் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு. "எல்லையோர ஊரார் அனுமதிச் சீட்டின்றி ஆறு வரை சென்று வரலாம்." ஒரே வரி! கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மண். மண் முடிகிற இடத்தில் ஆறு. ஆற்றோரம் கொட்டகைகள். கொட்டகைகளில் நம் ஊர்க்காரர்களுக்கு வேலை. எழுபது வருஷம் போனோம், வந்தோம். ஏன் என்று கேட்டவர் உண்டா?

போன வருஷம் நம் பக்கத்துக் கதவுக்குப் புது எல்லை அதிகாரி வந்தார். நல்ல மனிதர். கை நீட்டாதவர். கண்டதையெல்லாம் படிக்கிறவர். அங்கேதான் வந்தது வினை! பலகையைப் படித்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு வரைன்னா ஆறு மணி வரை" என்றார். மறுநாள் சாயந்திரம் ஆறு அடித்ததும் கதவைச் சாத்தினார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரிக்க முடியாமல் நின்றவர் கையுறை தைக்கும் அம்மா. அவருக்கு வேலை முடிவது ஏழு மணிக்கு. ஆறுக்குச் சாத்திய கதவு ஏழுக்குத் திறக்குமா? தையல் மிஷினுக்குப் பக்கத்தில் துணிக்கட்டை விரித்துப் படுத்தார். ஒரு நாளா, இரண்டு நாளா? ஐந்து மாதம்! ஞாயிறு காலையில் வீட்டுக்கு வருவார், திங்கள் காலையில் போவார். வீட்டில் ரொட்டி சுடும் கணவர், நான்கு வயதுப் பெண் குழந்தை.

"பேசாம வேலையை விட்டுடும்மா" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"வேலையை விடுறது என் இஷ்டம். விட வைக்கிறது யாரோட இஷ்டம்? அதைக் கேட்டுச் சொல்லுங்க."

கடைசியில் அவரே கேட்கக் கிளம்பினார். கதவைத் தட்டியது நேராக என் மருமகள் வீட்டில்.

இதற்கிடையில் அதிகாரி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன்.

"பெரியவரே, ஜனங்க குழம்புறாங்க. 'ஆறு'க்கும் 'வரை'க்கும் நடுவுல 'மணி'ன்னு சேர்த்து எழுதிடுங்க."

"காலை ஆறா, சாயந்திரம் ஆறாங்க?"

"சாயந்திரம்தான்."

"அப்போ 'சாயந்திரம்'னும் சேர்க்கணுமே?"

"சேருங்க."

"சேர்க்கலாங்க. ஆனா கையெழுத்துப் போட்ட ரெண்டு நாட்டையும் திரும்பக் கூப்பிடணும். அவங்க வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, நான் ஏணியோட நிக்கிறேன்."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தது. இருந்தாலும் தூரிகையைத் தொடவில்லை. எழுத்துக்கூலி வாங்குகிறவன் எழுதலாம், சட்டத்தை எழுதலாமா?

வழக்கு தலைநகரத்தில், அரசியல் சாசன நீதிமன்றத்தில் ஏறியது. உயர்ந்த கூரை, அகன்ற மேசை, மூன்று நீதிபதிகள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறும் முன் மருமகள் காதோரம் சொன்னாள்: "மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கிண்டல் வேண்டாம்." நல்ல புத்திதான். கேட்கிற வாயா இது?

அரசாங்க வக்கீல் எழுந்தார். "எதுவரை படித்திருக்கிறீர்கள்?"

"அஞ்சு வரைங்க" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "அஞ்சு மணி வரைன்னு எழுதிக்காதீங்க ஐயா, அஞ்சாம் வகுப்பு வரை!"

கோர்ட்டே சிரித்தது. ஒரு நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அரசாங்க வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பினார்.

"கனம் நீதிபதிகளே, சாட்சியே சொல்லிவிட்டார். 'அஞ்சு வரை' என்றாலே போதும், 'வகுப்பு' என்று சொல்லத் தேவையில்லை. அப்படியானால் 'ஆறு வரை' என்பதில் 'மணி' எதற்கு? மேலும், உடன்படிக்கையில் பதினோரு இடத்தில் 'நதி' என்று இருக்கிறது. இங்கே மட்டும் 'ஆறு'. நதியைச் சொல்ல நினைத்திருந்தால் நதி என்றே எழுதியிருக்க மாட்டார்களா?"

ஐயோ! கைக்குட்டை வைத்திருந்த நீதிபதி பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். தவளையும் தன் வாயால் கெடும். இந்தக் கிழட்டுத் தவளை, கூட ஒரு தாயையும் குழந்தையையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது! பின் பெஞ்சில் கையுறை அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் தங்கை சின்ன வயதில் கடிக்க வரும்போது பார்ப்பாளே, அதே பார்வை!

ஆனால் எழுந்தாள் பாருங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பேசினாள்.

"எதிர்த்தரப்புக்கு நன்றி. 'எதுவரை படித்தீர்கள்' என்று கேட்டதால்தான் 'அஞ்சு' என்பது வகுப்பு என்று நமக்குப் புரிந்தது. சொல்லுக்குப் பொருள் கொடுப்பது பக்கத்துச் சொல். ஒன்பதாம் பிரிவில் பக்கத்துச் சொல் என்ன? 'சென்று வரலாம்'. செல்வது எது வரை? கால் போகும் இடம் வரை! நேரத்தைச் சொன்ன இடத்தில் இவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள்? நான்காம் பிரிவைப் பாருங்கள்: 'காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை காவல்.' காலையும் இருக்கிறது, மாலையும் இருக்கிறது, மணியும் இருக்கிறது. நதி என்று எழுதிய பதினோரு இடமும் வரைபடத்தை விளக்கும் இடம். வரைபடத்தில் ஓடுவது நதி. ஊர்க்காரன் கால் நனைப்பது ஆறு!"

தட்டுங்கள்! இப்போது தட்டாமல் எப்போது தட்டுவீர்கள்? அன்றைக்கு நீதிமன்றத்தில் தட்டக்கூடாது என்றார்கள். அந்தக் கைதட்டலைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்திருக்கிறேன்!

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. 'போட்ட உடன்படிக்கையை அரசு காக்க வேண்டும்' என்கிறது நம் அரசியல் சாசனம். இரண்டு நாடு சேர்ந்து எழுதியதில் ஒரு சொல் கூட்ட அதிகாரிக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். ஒரு சொல் கூட்ட அமைச்சருக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். அடுத்ததாக, அன்புக்குரியவர்களே, நான் வாழ்நாளில் கேட்ட வரிகளிலே பெரிய வரியைச் சொன்னார்கள்: "ஒரு சொல் கூட்ட எங்களுக்கும் அதிகாரம் இல்லை."

எவ்வளவு உயரமான நாற்காலி! அதில் அமர்ந்துகொண்டு 'எங்களுக்கும் இல்லை' என்று சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்! படை வைத்திருப்பது பெருமையா? பாலம் கட்டுவது பெருமையா? கொடுத்த ஒரு வரிக்குக் கொற்றமே கட்டுப்பட்டு நிற்பதல்லவா பெருமை! அந்தப் பெருமை நம்முடையது. அதை நமக்கு வாங்கித் தந்தவர் ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்!

தீர்ப்புக்கு மறுநாள், புதன்கிழமை. ஏழு பத்துக்கு அவர் கதவைத் தாண்டி வந்தார். திறந்துவிட்டவர் அதே அதிகாரி. மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் ஐயா, உட்காருங்கள். வீட்டு வாசலில் அம்மாவைக் கண்ட குழந்தை ஓடவில்லை. அப்பாவிடம் திரும்பிக் கேட்டதாம்:

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாப்பா?"

ரொட்டி சுடும் மனிதர், நெருப்புக்கு முன் நின்று பழகியவர். அந்தக் கேள்விக்கு முன் அவரால் நிற்க முடியவில்லை. திண்டாடிப் போய்ச் சொன்னாராம்: "இல்லடா கண்ணு, புதன். இனிமே புதனும் வருவாங்க."

சரி, முடிக்கிறேன். என் வீட்டு அரசாங்கம் இரண்டாவது முறையாக இருமிவிட்டது. இந்த மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இவ்வளவு நேரம் இந்தக் கிழவனை ஏன் பேசவிட்டார்கள்? பேச்சின் அழகுக்காகவா? அவர் வேலை முடிந்து வரும்வரை இழுத்துப் பிடி என்று தலைவர் உத்தரவு!

அதோ! கதவோரம் யார் என்று பாருங்கள். தோளில் பை, கையில் குழந்தை. அம்மா, அங்கேயே நிக்காதீங்க, உள்ள வாங்க. ஏம்ப்பா, அந்தப் பெஞ்சை நகர்த்து. வழி விடுங்க, வழி விடுங்க. மருமகளே, நீயும் எழுந்து நில்லும்மா, பெரிய மனுஷி வர்றாங்க.

பொறுத்தருளிக் கேட்ட பொன்னான சபைக்கு நன்றி. நடந்து வருகிற நாயகிக்கு வணக்கம். நான் இறங்குகிறேன். அவங்க ஏறட்டும்.