ஆகாயத்தில் ஒரு பரண்

தலைமை ஏற்றிருக்கும் ஜெயக்கொடி அவர்களே, முன்னாள் படைவீரர் சங்கத்துச் சின்னான் அவர்களே, பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தங்கப்பொண்ணு, அவன் மனைவி செல்லக்கிளி, பழங்காநத்தத்திலிருந்து பஸ் மாறி வந்த அன்னக்கொடி, என் மகன் சின்னச்சாமி, பரவை மக்களே, எல்லோருக்கும் ரெங்கம்மாளின் வணக்கம். வந்தவர் பெயரை விடுவது எனக்குப் பழக்கமில்லை.

விமானப்படை சார்ஜென்ட் அழகுமலையைப் பற்றிப் பெரியவர்கள் பேசினார்கள். நான் ஒன்று கேட்கிறேன். என் மகன் இன்று உயிரோடு உட்கார்ந்திருக்கிறானே, அது யார் கொடுத்தது? அழகுமலை கொடுத்தது.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை. மேற்கே ஒரு விமானத்தளத்தில் என் மகனுக்கு விமானங்களுக்குப் பெட்ரோல் ஊற்றும் வேலை. தளத்துக்கு வெகுதூரம் முன்னால், மணல்மேட்டில் வயர்லெஸ் பெட்டியோடு வானத்தைப் பார்க்கும் வேலை அழகுமலைக்கு. எதிரி விமானம் தரையை ஒட்டி வந்தால் ரேடாருக்குத் தெரியாது. ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்த்தான், சொன்னான். தளத்தில் அதைக் கேட்டது, அவனோடு ஒரே ரயிலேறிப் படைக்குப் போன வாடிப்பட்டி முத்துக்கருப்பன்.

“ரேடார்ல ஒண்ணும் விழலையே மாப்ள. கொக்கு கிக்கு பாத்தியா?”

சிரித்தானாம். அழகுமலை விடவில்லை. சங்கேத வார்த்தையை எல்லாம் தள்ளிவிட்டுத் தமிழில் கத்தினான்: “டேய், ரெங்கம்மா மகன் வெளியில நிக்கிறான்டா. சங்க ஊது.”

அபாயச் சங்கு ஊதியது. என் மகன் பதுங்குகுழியில் குதிக்கும்போதே குண்டு விழுந்தது. இடது கை போயிற்று, ஆள் மிஞ்சினான். சிரித்த நேரத்தில் ஊதியிருந்தால் அந்தக் கையும் இருந்திருக்கும்.

விடுப்பில் வந்த அழகுமலை முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான். “முத்துக்கருப்பன வையாதீக பெரியம்மா. ரேடாரு தரையில கெடக்கு, அதுக்கு அம்புட்டுத்தான் தெரியும்” என்றான். அந்த நினைப்பு அவனை விடவில்லை. பெங்களூரில் விமானத்தின் முதுகில் பெரிய தட்டு மாதிரி ரேடாரைத் தூக்கி வைக்கிற வேலை தொடங்கியதும் கேட்டு வாங்கிப் போனான். எனக்கும் விளங்கச் சொன்னான். சோளக்காட்டில் கீழே நின்றால் முன்வரிசைக் கதிர்தான் தெரியும். பரணில் ஏறினால் கிளி எந்த மூலையில் இறங்குகிறது என்று தெரியும். அங்கிருந்தே கவண்காரனுக்குக் கை காட்டலாம். அப்படி ஆகாயத்தில் ஒரு பரண். இனி எந்த ஆத்தா பிள்ளையும் அந்தக் குழியில் குதிக்க வேண்டாம் என்றான். இப்படி நினைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

தட்டு ஏறுவதைப் பார்க்கும் முன்னே அவனை மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. என் பேத்தி முத்துத்தாய் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். தங்கப்பொண்ணு, கேட்டுக்கொள். கல்யாணம் என்று சொல்லி அவளை நிறுத்த மாட்டோம். அவன் விட்ட வேலைக்கு அவள் போவாள். சபையில் சொல்கிறேன், இது சத்தியம்.

அழகுமலை, நீ கொடுத்த பிள்ளையோடு இத்தனை வருஷம் சோறு தின்றேன். அந்த நன்றி என் கட்டை வேகும்வரை இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை மன்னித்துவிடச் சொன்னாய். நீ சொல்லி நான் தட்டியதில்லை. ரேடாரை மன்னித்துவிட்டேன், அதற்குத் தெரியவில்லை. அவனுக்கு நீ வாய்விட்டுச் சொன்னாயே, காதால் கேட்டானே. முத்துக்கருப்பனை மன்னிக்க மாட்டேன்.